முத்தும் நாணயமும்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையிற் புரளும் காசும் நாணயம். வாக்குத் தவறாமையும் நாணயம். இவ்விரண்டையும் நம்பி நடந்த வணிகம் ஒன்று எங்கள் புத்தளம் பகுதிக் கடலில் நெடுங்காலம் நிலவியது. அதுவே முத்து வணிகம்.

பள்ளிவாசல்துறை அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடக்கே குதிரைமலை முனை இருக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில், செங்கடல் வரியைக் குத்தகை கொண்டிருந்த உரோமரான அன்னியஸ் புளொக்காமஸ் என்பாரின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கையின் ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கினான் எனப் பிளினி எழுதியுள்ளார். அத்துறை குதிரைமலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவன் வைத்திருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு பேரரசரின் தலைகள் பொறித்திருந்தும், எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததாம். அதனைக் கண்டு வியந்த இலங்கை மன்னன் உரோமாபுரிக்குத் தூது அனுப்பினான். வாங்குவோரின் நாணயம் இவ்வாறு நிறுக்கப்பட்டது. விற்போரின் நாணயம் எவ்வாறு நிறுக்கப்பட்டது?

1344ஆம் ஆண்டு புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா ஒரு காட்சியைக் கூறுகிறார். ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில், கடலிலிருந்து வந்த முத்துக்களை ஏவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். பாரசீகக் குடாவின் முத்துக்கள் இவற்றுக்கு ஒப்பாகுமோ என்று மன்னன் வினவினான். இத்தகையவற்றைத் தாம் கண்டதில்லை என்றார் விருந்தினர். மன்னன் மகிழ்ந்து அவற்றை அவருக்கே அளித்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் வந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரெடரிக் இம்முறையை விரிவாகக் காட்டுகிறார். தேர்ந்த செட்டிமார் முத்துக்களை நான்கு தரமாக்கி விலை குறித்தனர். உருண்டவை போர்த்துக்கல்லுக்கு; உருட்சி குறைந்தவை வங்காளத்துக்கு; அதனிலும் தாழ்ந்தவை கன்னட நாட்டுக்கு; கடைத்தரம் காம்பேக்கு. நேயர்களே, இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். குறையுள்ள முத்தும் விலைபோயிற்று. ஆனால் குறையுள்ளது என்று சொல்லியே விற்கப்பட்டது. பிற்காலத்திலும் துளையிட்ட பித்தளைத் தட்டுகளிற் சலித்து, மஞ்சாடியால் நிறுத்து, ஆணிமுத்து முதல் தூள் வரை பிரித்தனர். முறைப்பாடு பிறக்கும் முன்பே அதற்கு விடை கூறிய முறை இது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு வழக்கம் நிலைபெற்றது. சலாபக் காலத்தில் சிப்பிகளைக் கொட்டில் எண்ணி, முத்துக் குளிப்போரின் பங்கு போக எஞ்சியவற்றைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலமிட்டனர். உள்ளே முத்து இருந்தாலும் வெறும் சதையே இருந்தாலும் வாங்கியவன் பாடு! இதை வகுப்பில் நான் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அது நீதியா?” என்று கேட்டான்.

நல்ல வினா. சிப்பிக்குள் இருப்பதை விற்ற அரசாங்கமும் அறியாது, வாங்கியவனும் அறியான். அறியாமை இருவர்க்கும் பொது. அன்றியும், பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை முன்னரே எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு அறிவித்தனர். அறிந்ததை ஒளிக்காதவரை அது வஞ்சகமன்று என்று விடை சொன்னேன். ஆயினும் மாதிரியும் ஏமாற்றும். 1905ஆம் ஆண்டுச் சலாபம் பெருஞ்செல்வம் தந்தது. அத்தகைய விளைவில் மயங்கிய ஒரு கம்பெனி 1906இல் முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பார்கள் வறண்டன, சில ஆண்டுகளிற் கம்பெனியும் கலைந்தது. கடலின் மேல் யார் முறைப்பாடு செய்ய இயலும்?

1921இல் இலண்டனில் வேறொரு பூசல் எழுந்தது. யப்பானிய வளர்ப்பு முத்துக்கள் இயற்கை முத்துக்களுடன் கலந்து விலைபோகின்றன என்று வணிகர் கொதித்தனர். இரண்டையும் கண்ணாற் பிரித்தறிய இயலவில்லை. பின்னர் எக்ஸ் கதிர் துணைக்கு வந்தது. வளர்ப்பு முத்து பொய்யன்று. வளர்த்தது என்பதை மறைத்து விற்பதே பொய்.

இன்றும் அரும்பொருள்களைக் கடல் கடந்து அனுப்புவோர் உளர். வாங்குவோன் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. விற்போனின் சொல்லையே பார்க்கிறான். குறையை அவன் கண்டு முறையிடுமுன், நாமே சொல்லிவிடுதல் நன்று. அவ்வாறு சொல்பவனின் காசும் சொல்லும் ஒரே எடையாய் நிற்கும்.