கிராபைட் தளத்தில் ஹீலியப் படலம்: ஓர் ஆய்வின் வரலாறு

1908 ஜூலை 10 அன்று ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஒரு கெல்வினை ஒட்டிய கடுங்குளிரும் ஆய்வகங்களுக்கு எட்டிவிட்டது. ஆயினும், ஓரணுத் தடிமனே உடைய ஹீலியப் படலத்தின் இயல்பைத் தெளிவாக அறிய 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. குளிர் இருந்தும் தகுந்த தளம் இல்லாமையே இத்தாமதத்திற்குக் காரணம்.

ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே அதன் வெப்ப ஏற்புத்திறன் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத படலம் எந்நிலையில் உள்ளது என்பதற்கு இந்த அளவு நல்ல சான்று. அணுக்கள் தளத்தின்மேல் தடையின்றி நகரும் இருபரிமாண வாயுவாக இருந்தால், அணு ஒன்றின் ஏற்புத்திறன் போல்ட்ஸ்மன் மாறிலிக்குச் சமமாகும். ஒழுங்காக அடுக்கப்பட்ட திண்மமாக இருந்தால், அது தாழ்வெப்பநிலையில் வெப்பநிலையின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வரைபடத்தில் முகடு எழும்.

தொடக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் தூள், நுண்துளைக் கண்ணாடி போன்றவற்றின்மீது படலம் படியவைக்கப்பட்டது. அவற்றின் பரப்பு மேடுபள்ளமாக இருந்ததால், அணுக்கள் வலுவாக ஈர்க்கும் இடங்களில் சிக்கிக்கொள்ள, அளவீடுகளில் படலத்தின் இயல்போடு தளத்தின் குறைகளும் கலந்தே வெளிப்பட்டன. 1960களில் பிரான்சின் நான்சி நகரில் தோமி, டுவால் ஆகியோர் உப்பச் செய்த கிராபைட்டின்மீது கிரிப்டான், செனான் வாயுக்கள் படிப்படியாகப் படிவதைக் காட்டி, அதன் பரப்பு எத்துணைச் சீரானது என்பதை நிறுவினர்.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாஷ், பிரெட்ஸ், வில்செஸ் ஆகியோர் தேர்ந்தெடுத்த கிராஃபாயில், ஆலைக் குழாய்களின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட தகடாகும். கிராபைட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சூடேற்றி, உப்பிய செதில்களைப் பசையின்றி அழுத்தி உருவாக்கப்பட்ட அத்தகட்டின் ஒரு கிராம், ஏறத்தாழ இருபது சதுர மீட்டர் பரப்பைத் தரவல்லது. அதை உலோகக் கலத்தில் நிரப்பி, வெற்றுக் கலத்தின் ஏற்புத்திறனை முதலில் அளந்து, பின்னர் அளவறிந்த ஹீலியத்தைச் செலுத்தி, சிறிதளவு வெப்பம் ஊட்டி மீண்டும் அளந்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் எஞ்சுவது படலத்தின் பங்காகும்.

1971இல் பிரெட்ஸும் டாஷும் வெளியிட்ட முடிவுகளில், அடர்த்தி குறைந்த படலம் நான்கு கெல்வின் அளவில் இருபரிமாண வாயுவாகவே நடந்துகொண்டது. மூன்று கார்பன் அறுகோணங்களுக்கு ஓர் அணு என்னும் அடர்த்தியில், ஏறத்தாழ 3 கெல்வினில் கூர்மையான முகடு தோன்றியது. அணுக்கள் கிராபைட்டின் அமைப்புக்கு இசைந்து வரிசைகொள்வதன் அடையாளம் அது. ஒத்த தகுதியுடைய மூன்று இடத்தொகுதிகளுள் ஒன்றை அணுக்கள் தேர்வதால், இம்மாற்றம் மூன்று நிலைப் பாட்ஸ் மாதிரி என்னும் இருபரிமாணக் கோட்பாட்டு மாதிரியைப் பின்பற்றும் என 1975இல் அலெக்சாண்டர் கூறினார். முகடு எவ்வளவு கூர்மையாக எழுகிறது என்பதைக் காட்டும் அடுக்கெண்ணுக்கு 1977இல் பிரெட்ஸ் அளந்த மதிப்பு 0.36, பின்னர்க் கோட்பாடு உறுதிசெய்த மதிப்பு மூன்றில் ஒரு பங்கு.

தாளில் மட்டும் கணக்கிடப்பட்டு வந்த இருபரிமாண மாதிரி ஒன்றை ஆய்வகத்தில் அளந்து சரிபார்க்க வழிசெய்ததே இவ்வாய்வின் நிலையான சாதனை. அச்சாதனையில் குளிர்விக்கும் கருவிக்கு உள்ள பங்கு, சீரான தளத்தைத் தேடிக் கண்டவர்களுக்கும் உண்டு.