செத்ததைத் தின்னும் பாறு கழுகு... செத்துப்போனது எதனால் தெரியுமா?

மான், யானை தாவர உண்ணிகள். புலி, சிறுத்தை ஊன் உண்ணிகள். இரண்டையும் சாப்பிடும் காக்கா, பன்றி அனைத்துண்ணிகள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இதுதான்.

பாறு கழுகு எந்த வகை?

இதுவும் ஊன் உண்ணிதான். ஆனால் புலி மாதிரி வேட்டையாடாது. ஏற்கெனவே செத்துக் கிடக்கும் விலங்குகளைத்தான் பெரும்பாலும் தின்னும். அதனால்தான் 'பிணந்தின்னி' என்று தனியாகச் சொல்கிறார்கள். இதன் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள பல கிருமிகள் அதில் பிழைக்காது.

சாப்பாடே எமனானது எப்படி?

மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கியிருந்தது. அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களிலேயே இறந்தன. 1990களில் சரியத் தொடங்கிய வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் அழிந்துபோயின.

2006-ல் கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தர மத்திய அரசு தடை விதித்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளுக்கும் தடை வந்தது.

இதில் நமக்கு என்ன?

கழுகு இல்லாத இடத்தில் பிணத்தைத் தெருநாய்கள் தின்னும். நாய்கள் பெருகினால் ரேபிஸ் பயமும் கூடும். தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன.

மாடு வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வலிக்கு ஊசி போடும்போது, என்ன மருந்து என்று டாக்டரிடம் கேளுங்கள். பாறுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் இருக்கிறது.