எஸ்எஸ்டியின் சூடு: ஒரு எண்ணின் கதை

கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி எத்தனை டிகிரி சூட்டில் ஓடுகிறது என்று பார்ப்பது இன்றைக்கு ரொம்பச் சுலபம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் என்விஎம்இ வகை டிரைவின் வெப்பநிலையை செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்று ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் இந்த ஒரு எண் டிரைவுக்குள்ளிருந்து ஒழுங்காகத் திரைக்கு வந்து சேர கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது! உணரி (அதாங்க, சென்சார்) விலை அதிகம் என்பதால் இந்தத் தாமதம் வரவில்லை. அது சொல்வதை எங்கே, எப்படி எழுதி வைப்பது என்பதில்தான் சிக்கல்.

கதை ஹார்ட் டிஸ்க் காலத்தில் ஆரம்பிக்கிறது. 1992-ல் ஐபிஎம், ஏஎஸ்/400 கணினிகளுக்கான தனது டிஸ்க்குகளில் ஒரு வசதியைச் சேர்த்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சோதித்துக்கொள்ளும். வெளியே சொல்வதோ இரண்டே பதில்கள்: ‘நலம்’ அல்லது ‘சீக்கிரம் போய்விடுவேன்’. பிறகு காம்பேக் நிறுவனம் சீகேட், குவாண்டம், கானர் ஆகிய டிஸ்க் தயாரிப்பாளர்களுடன் சேர்ந்து, அளவீடுகளையே கணினிக்குத் தரும் முறையை உருவாக்கியது. 1995-ல் அதைத் தொழில்துறைக் குழுவிடம் ஒப்படைத்தது. ‘ஸ்மார்ட்’ என்று இன்று நாம் சொல்வது இதன் வழி வந்ததுதான்.

இங்கேதான் ஒரு ஓட்டை விழுந்தது. ஸ்மார்ட்டுக்கான கட்டளைகள் ஏடிஏ தரநிலைக்குள் வந்தன. ஆனால் எந்த வரிசை எண்ணில் எந்த அளவீடு என்ற பட்டியல் வரவில்லை. அது தயாரிப்பாளர் இஷ்டம். வெப்பநிலை பொதுவாக 194-ஆம் இடத்தில் இருக்கும். சிலர் 190-ல் வைத்தார்கள். சிலர் அந்த இடத்தில் இப்போதைய வெப்பநிலையோடு குறைந்தபட்சம், அதிகபட்சம் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்தார்கள், விவரம் தெரியாத மென்பொருள் அதை ஒரே எண்ணாகப் படித்தால் கோடிக்கணக்கான டிகிரி வரும் :-) சில பழைய சாம்சங் டிஸ்க்குகள் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கிச் சொல்லின.

அப்படியானால் மென்பொருள் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? கையால் பட்டியல் போட்டார்கள்! லினக்ஸில் ‘ஹெச்டிடிடெம்ப்’ என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. அதனுடன் ஒரு சாதாரண உரைக் கோப்பும் வரும். இந்த மாடல் என்றால் இந்த இடத்தில் பார், செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். உங்கள் டிஸ்க் அதில் இல்லையென்றால், இதில் உணரியே இல்லை என்று அர்த்தமல்ல, இருப்பது நிச்சயம் என்றால் எனக்கு எழுதுங்கள் என்று நிரலே கேட்டுக்கொள்ளும். 2002-ல் புரூஸ் ஆலன் தொடங்கிய ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ இதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்தது. உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் தங்கள் டிஸ்க்கின் விவரத்தை அனுப்பி அந்தப் பட்டியலை வளர்த்தார்கள். தயாரிப்பாளர் ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தந்திருக்க வேண்டியதை ஊர் கூடி ஊகித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு எஸ்எஸ்டி வந்தது. ஆரம்பகால எஸ்எஸ்டி பலவற்றில் வெப்ப உணரியே கிடையாது. சில டிரைவுகள் மாறாத ஒரே எண்ணைக் கோடையிலும் குளிரிலும் காட்டிக்கொண்டிருந்தன. அப்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை; சாட்டா கேபிளில் நொடிக்கு 550 மெகாபைட் அளவில் ஓடும் டிரைவ் அவ்வளவாகச் சூடாகாது. நிலைமை மாறியது எம்.2 வடிவத்தில்தான். 2015-ல் வந்த சாம்சங் 950 ப்ரோ, சூயிங்கம் பட்டை அளவே இருந்துகொண்டு நொடிக்கு 2,500 மெகாபைட் படித்தது. கன்ட்ரோலர் சிப் கொதித்தால் டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய கோப்பைப் பிரதியெடுக்கும்போது திடீரென்று வேகம் படுத்துவிட்டால், அது சூட்டினாலா என்று கண்டுபிடிக்க அந்த எண் வேண்டும்.

சூடு வேகத்தை மட்டும்தான் பாதிக்குமா, ஆயுளையுமா? ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் 2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து, சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவுக்குத் தொடர்பில்லை என்று சொன்னார்கள். எஸ்எஸ்டிக்கு அந்த ஆறுதல் இல்லை. கார்னகி மெலனும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் கூடினால் பழுதும் கூடியது. ஆனால் சூடானதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் டிரைவுகளில் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. எரிச்சலூட்டும் அந்த வேகக் குறைப்புதான் தரவைக் காப்பாற்றுகிறது!

பழைய ஓட்டையை அடைத்தது 2011-ல் வெளியான என்விஎம்இ தரநிலை. இதில் 512 பைட் கொண்ட ஓர் உடல்நலப் பதிவு கட்டாயம். வெப்பநிலைக்கு அதில் இரண்டு பைட், இடமும் நிரந்தரம், அலகு கெல்வின். 313 என்று வந்தால் 273-ஐக் கழித்து 40 டிகிரி செல்சியஸ். பட்டியலும் வேண்டாம், ஊகமும் வேண்டாம்.

அப்படியும் லினக்ஸில் ரூட் அனுமதி இல்லாமல் அதைப் பார்க்க முடியாமல் இருந்தது. 2020 ஜனவரியில் வந்த கெர்னல் 5.5-ல் கன்டர் ரோக் எழுதிய நிரல் சேர்ந்த பிறகு, என்விஎம்இ வெப்பநிலை சிபியு வெப்பநிலையோடு சேர்ந்து சாதாரணப் பயனருக்கும் தெரிய ஆரம்பித்தது. சாட்டா டிரைவுகளுக்காக அவரே எழுதிய ‘டிரைவ்டெம்ப்’ அதே ஆண்டு மார்ச்சில் 5.6-ல் வந்தது. ஹெச்டிடிடெம்ப் கவனிப்பாரற்றுப் போய், 2023-ல் வெளியான டெபியன் 12-ல் இடம்பெறவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு திரையில் ‘காம்போசிட்’ என்று வரும் அந்த எண் எதன் சூடு? தரநிலை இதற்குத் தரும் பதில் சுவாரஸ்யமானது. அதை எப்படிக் கணக்கிடுவது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். டிரைவின் எந்த ஒரு குறிப்பிட்ட புள்ளியின் உண்மையான வெப்பநிலையாகவும் அது இல்லாமல் போகலாம். பல டிரைவுகள் கூடவே ‘சென்சார் 1’, ‘சென்சார் 2’ என்றும் காட்டும். இரண்டுக்கும் நடுவே நல்ல வித்தியாசம் இருக்கும். எது கன்ட்ரோலர், எது நினைவகச் சிப் என்று அந்தப் பதிவில் எழுதியிருக்காது. அதைப் பயனர்கள் இன்னமும் மாடல் வாரியாக ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.