சேர்ப்போர் பலர், நிறுத்துவோர் யார்? நாகூர் முதியோரும் பன்மருந்துப் பயன்பாடும்

நாகூரில் எழுபதைக் கடந்த ஒருவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருந்து, முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டால், அவர் மருந்து பெறும் வாசல்கள் பல. தெற்கே பக்கத்திலேயே நாகப்பட்டினம். அம்மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் ஒரத்தூரில் திறக்கப்பட்டது. மேற்கே திருவாரூர், அதற்கப்பால் தஞ்சாவூர் என இன்னும் இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகள். வடக்கே வாஞ்சூரைத் தாண்டினால் காரைக்கால்: வேறு அரசு, வேறு பதிவேடு. இவற்றுக்கு நடுவே தனியார் கிளினிக்குகள், சீட்டில்லாமலும் மாத்திரை கொடுக்கும் மருந்துக்கடைகள், சித்த, யுனானி வைத்தியர்கள். போதாக்குறைக்குச் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் பிள்ளைகளின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு பனடாலும் வந்து இறங்கும்.

முதியோர் ஒரே காலத்தில் பல மருந்துகளை உட்கொள்ளும் பன்மருந்துப் பயன்பாட்டுக்கு மருத்துவர்களின் தாராளத்தையோ நோயாளிகளின் மாத்திரை மோகத்தையோ காரணம் சொல்வது வழக்கம். இரண்டும் ஓரளவு உண்மைதான். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு என்பது இக்கட்டுரையின் வாதம். மேலே சொன்ன ஒவ்வொரு வாசலிலும் மருந்தைத் தொடங்க ஆள் இருக்கிறார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துவது எந்த வாசலிலும் எவருடைய பொறுப்பாகவும் வைக்கப்படவில்லை.

தமிழ்நாட்டைக் குறித்து இதைச் சொல்லும்போது ஒரு முரணையும் சேர்த்தே சொல்லவேண்டும். மருந்து வழங்கலில் இம்மாநிலம் இந்தியாவுக்கே முன்மாதிரி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்ற பேச்சு வெகுவாகக் குறைந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நடக்க முடியாத கிழவிக்கு இது எத்தகைய பேறு என்பதை வரிசையில் நின்று பழகியவர்களே அறிவார்கள். 2021-இல் மாநில மக்கள்தொகையில் 13.6 விழுக்காடாக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2031-இல் 18.2 விழுக்காடாவார்கள் என்பது நடுவண் அரசின் கணிப்பு. இத்தகைய மாநிலத்துக்கு இந்த ஏற்பாடு தவிர்க்க முடியாதது. ஆயினும் காவிரியின் கடைமடையில் வாழ்பவர்களுக்குத் தெரியும்: வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம். நாம் வாய்க்காலை மட்டும் வெட்டியிருக்கிறோம்.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் என்பதே ஆய்வுகளில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும் வரையறை. நம் ஊருக்கு இது சரிவரப் பொருந்தாது. இங்கே ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் கூட்டாக விற்கின்றன. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த வில்லை அதற்குப் பழகிய உதாரணம். 2016-இல் 344 கூட்டு மருந்துகளையும் 2024-இல் மேலும் 156-ஐயும் நடுவண் அரசு தடைசெய்தது. அப்படியும் கடை அலமாரிகளில் கூட்டு மருந்துகளுக்குக் குறைவில்லை. எனவே மூன்று மாத்திரை சாப்பிடுகிறேன் என்பவர் உண்மையில் ஆறு மருந்து சாப்பிடலாம். மறுபக்கம், அரசு அட்டையில் வந்த அம்லோடிபினும் தனியார் மருத்துவர் வேறு வணிகப் பெயரில் எழுதிய அம்லோடிபினும் ஒரே டப்பாவுக்குள் இருக்க, அவர் அவற்றை இரண்டு வெவ்வேறு மருந்துகளாகவே எண்ணுவார். பனடாலில் இருப்பதும் உள்ளூர் சளி மாத்திரையில் இருப்பதும் பாராசிட்டமால்தான். ஆகவே வில்லைகளை எண்ணிப் பயனில்லை. உட்பொருள்களையும் அவற்றை எழுதிய கைகளையும் எண்ணவேண்டும்.

எழுதிய கைகள் பெருகினால் நேர்வது என்ன? ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று கருதி அதற்கு இன்னொரு மருந்து எழுதப்படுகிறது. 1990-களில் ஆய்வாளர்கள் ராச்சனும் குர்விட்சும் இதைத் தொடர்ச்சங்கிலியாக விவரித்தார்கள். டெல்டாவில் அன்றாடம் காணத்தக்க சங்கிலி ஒன்று: கொதிப்புக்கு அம்லோடிபின், அதனால் கணுக்காலில் வீக்கம், வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, அதனால் இரவில் நாலு தடவை எழுந்து நடப்பு, தலைசுற்றல், விழுதல். இன்னொன்று மெதுவாக ஓடுவது. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர் சிலருக்குப் பி12 குறைகிறது, பாதம் மரத்துப்போகிறது, அதைச் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று கொண்டு பிரிகாபலின் எழுதப்படுகிறது, பிரிகாபலின் தள்ளாட்டத்தையும் கால் வீக்கத்தையும் தரக்கூடியது, தள்ளாட்டத்துக்குத் தலைசுற்றல் மாத்திரை வருகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் மருத்துவர் தம் முன் இருந்த தொல்லைக்கு நியாயமாகவே எழுதியிருக்கிறார். சங்கிலியை முழுதாகப் பார்க்கும் இடத்தில் எவரும் இல்லை.

சிறுநீரகக் கணக்கு இதைக் கூர்மையாக்குகிறது. சிறுநீரகம் வடிக்கும் வேகத்தைக் கணிக்கக் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் 1976-இல் தந்த சூத்திரம் எளியது: 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்கவேண்டும், பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்கவேண்டும். எழுபத்தைந்து வயது, 48 கிலோ எடை, கிரியேட்டினின் 1.0 உள்ள மூதாட்டிக்கு விடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 37 மில்லிலிட்டர். ஆய்வகச் சீட்டில் அவருடைய கிரியேட்டினினுக்கு எதிரே ‘நார்மல்’ என்றுதான் இருக்கும். ஆனால் பிரிகாபலினை அவருக்கு வழக்கமான அளவில் பாதியே கொடுக்கலாம். வயது, எடை என்ற இரு எண்களைச் சீட்டில் எழுதாத வழக்கம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியல்கள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கியது 2023 வரை புதுப்பிக்கப்பட்டுள்ளது. அயர்லாந்தில் உருவான பட்டியலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அறிவித்த மருந்துப் பாதுகாப்பு முனைப்பு, பன்மருந்துப் பயன்பாட்டை மூன்று முன்னுரிமைகளுள் ஒன்றாக வைத்தது. முதியோர் மருத்துவம் என்ற துறையே இந்தியாவில் சென்னையில் வேரூன்றியது, மருத்துவர் வ. செ. நடராசனின் முயற்சியால் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் அதற்கு முதுநிலைப் படிப்பும் வந்தது. பட்டியலும் படிப்பும் சென்னையில் இருக்க, மாத்திரை டப்பா நாகூரில் இருக்கிறது என்பதே இடர்.

மறுப்பு ஒன்றை நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். கொதிப்பு இருப்பதே தெரியாமல் பக்கவாதத்தில் விழுவோர் இன்னும் ஏராளமாக இருக்கும் நாட்டில் மருந்தைக் குறைக்கச் சொல்வது பணக்கார நாடுகளின் கவலையை இரவல் வாங்குவதாகாதா? ஆகாது என்பேன். போதாமையும் மிகையும் ஒரே தெருவில், பல வேளை ஒரே உடம்பில் குடியிருக்கின்றன: கேஸ் மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடும், தேவையான கொதிப்பு மாத்திரை விட்டுவிட்டு விழுங்கப்படும். டப்பா நிறைய நிறையத் தேவையானதை ஒழுங்காக எடுப்பதும் குறைகிறது.

இனி, நிறுத்துவதற்கான வாய்ப்பு எங்கே கிடைக்கிறது? நாகூருக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு: ரமலான் நோன்பு. மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்தாலும் நம் பெரியவர்கள் நோன்பை விட மனம் ஒப்புவதில்லை. பதின்மூன்று நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான எபிடயார் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது பதினைந்து நாள் நோன்பிருந்தார்கள். கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட 7.5 மடங்காயிற்று. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை விடியலுக்கு முந்தைய சஹரில் விழுங்கிவிட்டு மாலை மக்ரிபு வரை பட்டினி இருப்பதன் ஆபத்து இது. ரமலான் மே, ஜூனில் விழுந்த 2017 முதல் 2019 வரையிலான ஆண்டுகளைப் போல வெயிலும் சேர்ந்தால், நீர் பிரியும் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒருசில கொதிப்பு மாத்திரைகளும் கூட்டாகச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

ஆனால் இந்த ஆபத்துக்குள்ளேயே அரிய நல்வாய்ப்பும் இருக்கிறது. எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எதை விடலாம் என்று நோயாளி தாமாகவே கேட்கும் மாதம், ரமலானுக்கு முந்தைய ஷஃபான். மூன்று வேளை மருந்து இரண்டு வேளைக்குள் அடங்கியாக வேண்டும். அடக்க முயலும்போதே எது வேண்டாதது என்பது வெளிப்படும். அம்மாதத்தில் எல்லா அட்டைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லி அரசு மருத்துவமனையில் கொட்டிப் பார்க்கும் முகாமை நடத்துவது செலவற்ற செயல். மற்றச் சமயத்தாருக்கு அக்னி நட்சத்திரத்துக்கு முந்தைய மாதத்தை வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவர் தயங்குவார், தயக்கத்தில் நியாயமும் உண்டு. நிறுத்திய மாதத்தில் பக்கவாதம் வந்தால் பழி அவர்மேல் விழும். தொடர்ந்த மாத்திரையால் பாட்டி விழுந்து இடுப்பொடிந்தால் எவரும் சீட்டைக் கேட்கமாட்டார்கள். அடெனோலால், அல்பிரசோலம், ஸ்டீராய்டு போன்றவற்றைத் திடீரென நிறுத்தவும் கூடாது, படிப்படியாகவே இறக்கவேண்டும். நோயாளியின் மனமும் குறுக்கே நிற்கும். மாத்திரையைக் குறைத்தால், வயதாகிவிட்டதென்று கைகழுவிவிட்டார்கள் என்ற வருத்தமே பலருக்கு முதலில் எழுகிறது.

ஆகவே நிறுத்துவதைத் தனிமனிதத் துணிச்சலுக்கு விடாமல் பதவிக்குரிய கடமையாக்கவேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலருக்கு மருந்தை மாற்றும் அதிகாரம் தேவையில்லை. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளின் உட்பொருளையும், வெளிநாட்டிலிருந்து வந்ததையும், வைத்தியர் தந்த சூரணத்தையும் ஒரு தாளில் எழுதிவரும் பணி போதும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தையும் மறுபரிசீலனைத் தேதியையும் எழுதிக் கையொப்பமிடவேண்டும். காரணம் எழுத முடியாத வரியை அடிக்கும் அதிகாரம் அவருக்கு அரசாணையாகவே தரப்படவேண்டும். எண்ணிமப் பதிவு வந்தால் இதெல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கணினி பட்டியலை நீட்டிக் காட்டும், அடிக்காது. காரைக்கால் மருத்துவரும் நாகூர் மருந்துக்கடைக்காரரும் ஒருசேர வாசிக்க இப்போதைக்கு ஏற்றது, நோயாளியின் சட்டைப்பையில் கிடக்கும் காகித அட்டையே.