திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் எழுந்த ஓர் அறப்பள்ளி

பெண்மக்களை ஆண்மக்களோடு ஒரே பள்ளியில் வைத்துக் கற்பித்தல் தகுமோ என்னும் வினாவும், நம்மவர் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு கல்விச்சாலை நிறுவிக்கொள்ளலாகாதோ என்னும் வினாவும் நம் கூட்டங்களில் அடுத்தடுத்து எழுவன. முன்னதை மேனாட்டார் புதுவழக்கென்று ஒதுக்குவாரும், பின்னதை நம் பழவழக்கென்று பாராட்டுவாரும் உளர். இவ்விரண்டையும் ஆராய்தற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. மலைக்கோட்டையின் நிழலிலேயே அதற்குரிய சரித்திரம் கிடக்கின்றது.

1751-ஆம் ஆண்டு தொடங்கி 1754 வரை திருச்சிராப்பள்ளி போர்க்களமாகவே இருந்தது. கோட்டைக்குள் முகம்மதலி நவாபு. அவருக்குத் துணையாக ஆங்கிலக் கம்பெனியார். எதிரே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். பிரெஞ்சுப் படைத்தலைவர் லா என்பார் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவில் ஒதுங்கி, கோயில் மதில்களையே தமக்கு அரணாகக் கொண்டு, 1752 ஜூன் மாதத்தில் சரணடைந்த செய்தி நம் ஊரார் பலரும் கேட்டறிந்ததே. போர் ஓய்ந்தது, கம்பெனியின் படை ஓயவில்லை, கோட்டையிலேயே தங்கிவிட்டது. படையிருந்த இடத்தில் படைவீரர்க்குப் பிறந்த குழந்தைகளும் இருந்தனர். தந்தை மாண்டால் அக்குழந்தைகட்கு ஊருமில்லை, உறவுமில்லை.

இந்நிலையில் 1762-ஆம் ஆண்டில் இவ்வூர்க்கு வந்தவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் பாதிரியார். இவர் 1726-ல் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழை நன்கு பயின்றவர். பின்னர்ப் பாரசீகமும் மராட்டியும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்ததில் தந்தையரை இழந்த சிறுவர்க்காக இவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1763-ஆம் ஆண்டே அதன் தொடக்கமாக வழங்கப்படுகின்றது. தெப்பக்குளத்தை அடுத்துள்ள கிறிஸ்து ஆலயம் 1766-ல் எழுந்தது; ஆகவே பள்ளியே மூத்தது, கோயில் இளையது. 1768-ல் கம்பெனியார் அவரைப் படையினர்க்குக் குருவாக நியமித்தனர்.

அப்பள்ளியே இன்று பாளையப் பகுதியில் தூய யோவான் வெஸ்டிரிப் பள்ளி என்னும் பெயரோடு நிலவுவது. வெஸ்டிரி என்பது குருமார் வழிபாட்டிற்குரிய உடைகளை வைக்கும் அறையின் பெயர். அவ்வறையில் கூடித் திருச்சபைக் காரியங்களையும் ஏழைகட்குரிய நிதியையும் ஆராய்ந்த குழுவிற்கும் அதுவே பெயராயிற்று. இடத்தின் பெயர் ஆங்குக் கூடினார்க்கு ஆகி வந்தமையின் இதனை இடவாகுபெயர் என்க. அக்குழுவின் ஆதரவிலே நடந்தமையின் பள்ளியும் அப்பெயர் பெற்றது.

இத்தகைய அறப்பள்ளிக்குச் சென்னையில் முன்னோடி ஒன்று உண்டு. முதல் வினாவிற்கு விடை அங்கேதான் இருக்கின்றது. புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தைச் சார்ந்த ஆங்கிலத் திருச்சபையார் 1715-ஆம் ஆண்டில் ஒரு தருமப் பள்ளி வைத்தனர். முதலிற் சேர்ந்த பிள்ளைகள் 30 பேர். அவருள் ஆண்கள் 18, பெண்கள் 12. ஆணும் பெண்ணும் சமம் என்னும் கொள்கை பேசி இதனைச் செய்தாரல்லர். பிள்ளைகள் சிலர், நிதியோ சிறிது. வறுமையே அவர்களை ஒரு கூரையின்கீழ் இருத்தியது. பின்னர்ப் பணம் பெருகியபோது 1787-ல் பெண்களுக்கென ஓர் இல்லமும், 1789-ல் ஆண்களுக்கென ஓர் இல்லமும் வெவ்வேறாக எழுந்தன. கலந்து கற்றலே முன்னது. பிரித்து வைத்தல் செல்வம் வந்தபின் வந்தது. ஆகவே 'ஒருங்கு கற்றல் நேற்றைய மோகம்' என்னும் கூற்று வரலாற்றிற்குப் பொருந்தாது. அவ்வில்லங்களும் பிற நிலையங்களும் பலமுறை இணைந்தும் மாறியும், 1954-ல் புனித ஜார்ஜ் பள்ளி என்னும் பெயர் பெற்றன. இன்று அங்கு ஆணும் பெண்ணும் மறுபடியும் ஒருங்கே பயில்கின்றனர்.

மேற்கூறிய ஆண்கள் இல்லத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. தமிழாசிரியனாகிய யான் அதனைச் சொல்லாமல் விட மனமில்லை. 1789 முதல் 1796 வரை அதன் மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரு பெல் என்னும் குரு, நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்க்குப் பாடஞ் சொல்வித்தார். 1797-ல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை அங்ஙனம் கடல் கடந்தான்! அத்திண்ணையில் நம் பெண்மக்கட்கு இடமில்லாதிருந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

நிற்க. பாதிரிமார் பள்ளியில் நம் நாட்டார் புகுந்தது எவ்வாறு? ஆங்கிலங் கற்றால் உத்தியோகம் உண்டு என்பதே காரணம். அதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. 1785-ஆம் ஆண்டளவில் தஞ்சையிலிருந்த கம்பெனிப் பிரதிநிதி ஜான் சல்லிவன் என்பார் சொல்ல, சுவார்ட்ஸ் அவர்கள் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளை அமைத்தார். அவ்வவ்விடத்து அரசர் ஆதரித்தனர். கம்பெனியார் பள்ளியொன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் அளித்தனர். அந்தணச் சிறுவர் பலர் அங்குப் பயின்றனர். கல்வியைக் காட்டிப் பிள்ளைகளை வஞ்சித்து மதம் மாற்றலாகாது என்பதிற் பாதிரியார் தாமே உறுதியாக இருந்தார். தஞ்சைச் சரபோஜி மன்னர் அவரிடம் வளர்ந்து கற்றவர். சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13-ல் தஞ்சையிற் காலமானார். திருச்சிராப்பள்ளிப் பணியைப் போலே பாதிரியார் 1778 முதல் 1818-ல் தாம் இறக்கும்வரை தாங்கி நின்றார்.

இனி நம் இரண்டாவது வினாவிற்கு வருவோம். ஆணும் பெண்ணும் ஒருங்கிருப்பதிலும் பெரிய வழக்கு, சாதியார் ஒருங்கிருப்பதில் எழுந்தது. கல்கத்தாவின் பிஷப்பாகிய ரெஜினால்டு ஹீபர் 1826 மார்ச்சில் தென்னாடு வந்தபோது, கிறிஸ்தவராகியும் சாதி வழக்கைக் கைவிடாத தஞ்சை, திருச்சி மக்களைப் பற்றிய முறையீடுகள் அவரிடம் வந்தன. அவர் சிதம்பரத்திலிருந்து திருச்சியிலிருந்த சிரைவோகல் பாதிரியார்க்குக் கடிதம் எழுதிச் செய்தி வினாவினார். சாதி என்பது உலகியற் பெருமைதானா, சமயத்தொடு பிணைந்ததா என்பதே அவர் அறிய விரும்பியது. விடை காண்பதற்குள் 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் இவ்வூரில் நீராடச் சென்றவர் நீரிலேயே உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 42. கல்லறை தூய யோவான் ஆலயத்தில் உள்ளது.

பின்வந்த பிஷப் டேனியல் வில்சன் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 1833-ல் அவர் விடுத்த சுற்றறிக்கை, சபைக்குள் சாதிவேற்றுமை உடனே ஒழிதல் வேண்டும் என்றது. தனியிடத்தில் அமர்ந்து வந்த வேளாள கிறிஸ்தவர் பலர் தஞ்சையிலும் திருச்சியிலும் சபையை விட்டு விலகினர். இணங்காத உபதேசிமாரும் ஆசிரியருட் சிலரும் பதவி இழந்தனர். சுவார்ட்ஸிடம் வளர்ந்த பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரே அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்ச் சாதியாசாரத்திற்கு ஆதரவாக நூல் எழுதினார். அவர் புலமையை யான் போற்றுவேன், இக்கொள்கையைப் போற்றேன். எனினும் அவர் பக்கத்தும் ஒரு நியாயம் இருந்தது. முந்திய குருமார் நூறாண்டுவரை பொறுத்திருந்ததனைப் பிந்தியவர் ஒரு தாளில் வெட்டினர். உள்ளம் மாறுதற்கு முன்னர் இருக்கை மாறவேண்டும் என்ற கட்டளை வீடுகளைப் பிளந்தது. ஆயினும், இருக்கை மாறாதவிடத்து உள்ளம் மாறியதாக யாண்டும் யான் படித்ததில்லை. சாதிப் பெயரால் கூடிய நாம் சாதிப் பெயரால் ஒரு பள்ளி எழுப்புவதாயின், பலகையில் அப்பெயர் இருக்கலாம். வகுப்பறை வாயிலில் இருத்தலாகாது என்பதே எளியேன் கருத்து.

எஞ்சிய கதையை விரைந்து சொல்லலாம். பழைய மிஷன் 1820-களில் எஸ். பி. ஜி. என்னும் ஆங்கிலச் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகிக் கல்லூரியும் ஆகி, ஹீபர் பெயர் தாங்கியது. 1930-களில் அக்கல்லூரி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோடு இணைய, தாம்பரத்தில் ஒரு மாணவர் விடுதிக்கு அப்பெயர் சென்றது. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலத் திருச்சபை தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயிற்று. 1965-ல் பிஷப் ஹீபர் கல்லூரி திருச்சிப் புத்தூரில் மீண்டும் எழுந்தது. அங்கு இன்று ஆண்களும் பெண்களும் பயில்கின்றனர். அவருள் நம் சங்கத்தார் மக்களும் உளர். பிள்ளையை அங்குச் சேர்க்குங்கால் அவன் அருகில் அமர்பவன் எக்குலத்தான் என்று நம்மில் எவரும் வினவியதாகத் தெரியவில்லை. சேர்க்கை கிடைக்குமா என்றே வினவினர்.