கடலுக்குள் இருக்கும் படிகள்

ஆழஞ் செல்லச் செல்லக் கடல்நீர் குளிர்கிறது. இதனை மாணவர் அறிவர். ஆனால் அக்குளிர்ச்சி சீராக இறங்குகிறதா, படிபடியாக இறங்குகிறதா என்பதை அறிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. தாமதத்துக்கு இயற்கை மட்டும் காரணமன்று.

1874இல் இலண்டனில் நெகிரெற்றி, சம்பிரா என்போர் ஆக்கிய வெப்பமானி, குறித்த ஆழத்தில் தலைகீழாகக் கவிழும். பாதரச இழை அறுந்து அவ்விடத்து வெப்பநிலையைக் காத்து வைக்கும். அருமையான கருவிதான். எனினும் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே பத்துக்கணக்கான, சில வேளை நூற்றுக்கணக்கான மீற்றர்! அவ்விடைவெளியை ஆய்வாளரின் பேனா ஒரு வளைகோட்டால் நிரப்பியது. அந்த வழுவழுப்பான கோடே கடல் என்று எண்ணப்பட்டது.

இடைவெளியில் என்ன உண்டு என்றறியப் பணம் கொடுத்தது கப்பற்படை. 1930களின் பிற்பகுதியில், கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் 'செம்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நீர்மூழ்கிகளை ஒலி செலுத்தித் தேடிப் பழகியது. காலையில் தெளிவாகக் கேட்ட எதிரொலி பிற்பகலில் மங்கியது. மாலுமிகள் உண்ட மயக்கத்தில் இருந்தனர் என்று சொன்னோரும் உண்டாம். (பழி உழைப்பவன் தலையில் விழுவது கடலிலும் வழமை போலும்.) உண்மையில், வெயிலால் மேல்நீர் ஓரிரு பாகை சூடேற, ஒலி குளிர்நீரை நோக்கிக் கீழே வளைந்து இலக்கைத் தவறவிட்டது.

தென்னாபிரிக்காவில் பிறந்த ஸ்பில்ஹவுஸ் 1938இல் விவரித்த கருவி, புகைபடிந்த கண்ணாடித் தகட்டில் ஊசியால் தொடர்கோடு கீறியது. யுத்தத்தில் கப்பல்கள் இதனைத் தாங்கிச் சென்றன. அறிவு பெருகியது, கதவும் அடைபட்டது. ஸ்கிரிப்ஸ் நிலையத்தின் பணிப்பாளராயிருந்த நோர்வேயர் ஸ்வெர்ட்ரப்புக்கே யுத்த ஆய்வுகளை அணுகும் அனுமதி மறுக்கப்பட்டது. நாஜிகள் பிடித்த நாட்டில் அவருக்கு உறவினர் இருந்தனராம்!

அக்கருவி மேல்நீருக்கே உரியது. நுண்படிகளைக் காட்டும் கூர்மை அதற்கில்லை. நீர்மூழ்கி வேட்டைக்கு அது போதும்.

1960களில் மின்னியற் கருவிகள் வந்தபின்பே வளைகோடு உடைந்தது. திமோர், மின்டனாவோ தீவுகளருகே எடுத்த அளவீடுகளை, கலாநிதிப் பட்டம் பெறாத அமெரிக்கர் ஹென்றி ஸ்ரொமெலும் சோவியத் விஞ்ஞானி பெடரோவும் 1967இல் இணைந்து வெளியிட்டனர். வியட்நாமில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. சில மீற்றர் தடிப்பில், கிடையாகக் கிலோமீற்றர்க் கணக்கில் பரந்த மெல்லிய அடுக்குகளை அவர்கள் கண்டனர். மறு ஆண்டு பெர்முடாவருகே ஒழுங்கான படிகளே புலப்பட்டன.

இன்று பூமியில் மிகையாகத் தேங்கும் வெப்பத்தில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்ட பங்கைக் கடலே ஏற்கிறது. அது எவ்வளவு விரைவில் ஆழத்தை அடையும் என்ற கணக்கில், இந்த அடுக்குகளினிடையே நிகழும் கலப்பும் சேர்ந்தேயுள்ளது.