சுருளும் சேதமும்: நிலைச்சுருள் கூந்தல் பராமரிப்பின் வரலாறு

தலைமுடியின் இயல்பான வடிவை வெப்பத்தாலோ இரசாயனத்தாலோ மாற்றி, தண்ணீர் பட்டாலும் கலையாத சுருளை அதில் ஏற்படுத்தும் முறை அழகு நிலையங்களில் பெர்ம் என்று வழங்குகிறது. இந்நிலைச்சுருள் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருவாகி, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேரூன்றி, பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் கதை பெரும்பாலும் கருவிகளின் கதையாகவும் மாறிவரும் நாகரிகங்களின் கதையாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் அடுத்தடுத்து வந்த முறைகளை உற்று நோக்கினால், அவற்றுள் பெரும்பாலானவை முந்தைய முறையால் கூந்தலுக்கும் தலைத்தோலுக்கும் நேர்ந்த சேதத்தைக் குறைக்கும் முயற்சியிலிருந்து பிறந்தவை என்பது புலப்படும். அவ்வகையில் நிலைச்சுருளின் வரலாறு, கூந்தலைக் காக்கும் அறிவு படிப்படியாக வளர்ந்த வரலாறும் ஆகும்.

இதை விளங்கிக்கொள்ள மயிரிழையின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். ஒவ்வோர் இழையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்களாலான மேலுறையையும், அதனுள் கெரட்டின் என்ற புரதத்தாலான உட்பகுதியையும் கொண்டது. கெரட்டினின் நீண்ட சங்கிலிகள் இருவகைப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. முதல் வகையான ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் நெகிழ்ந்து, உலரும்போது மீண்டும் கூடுபவை. ஈரமுடியைச் சுற்றி உலர்த்தினால் சுருள் விழுவதும், அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் அது மறைவதும் இவற்றால்தான். இரண்டாம் வகை, இரு கந்தக அணுக்கள் சேர்ந்து ஏணிப்படிபோல் சங்கிலிகளை இணைக்கும் டைசல்பைடு பிணைப்பு. தண்ணீரால் அதை அசைக்க முடியாது. முடியின் வலிமையும் பிறவி வடிவும் பெருமளவு அதையே சார்ந்துள்ளன. நிலையான சுருள் வேண்டுமெனில் இப்பிணைப்புகளில் ஒரு பகுதியைத் துண்டித்து, புதிய வடிவில் மீண்டும் இணைக்க வேண்டும். தலைத்தோலுக்கு வெளியே உள்ள முடி உயிரற்றதாதலால், காயம்பட்ட தோலைப் போல் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. எனவே எவ்வளவு துண்டிப்பது, துண்டித்ததை எவ்வாறு முழுமையாக இணைப்பது என்பதே இத்தொழிலின் மையச் சிக்கலாக இருந்துவந்துள்ளது.

நிலைச்சுருளுக்கு முன்னோடியாக அமைந்தது, பாரிசு நகரத்து முடிதிருத்துநர் மார்செல் கிராத்தோ 1872-இல் உருவாக்கிய அலைமுறை ஆகும். சூடேற்றிய இடுக்கியால் முடியைப் பற்றித் திருப்பி, இயற்கையான அலைபோன்ற நெளிவை உண்டாக்கும் இம்முறை அவர் பெயராலேயே மார்செல் அலை எனப்பட்டது. இடுக்கியை அடுப்பில் சூடாக்கிய அக்காலத்தில் அதன் வெப்பத்தை அளக்கக் கருவி இல்லை. ஆகவே ஒரு தாளை அதில் அழுத்தி, தாள் பழுப்பேறாத நிலைக்கு இடுக்கி ஆறிய பின்னரே அதைக் கூந்தலில் வைத்தனர். கூந்தலுக்கு முன் வேறொரு பொருளில் சோதித்துப் பார்க்கும் இவ்வழக்கம், பின்னாளில் பெர்ம் செய்வோர் கைக்கொண்ட சோதனைகளுக்கெல்லாம் தொடக்கம் எனலாம். எனினும் மார்செல் அலை அடுத்த குளிப்பு வரையே நின்றது; அதை விரும்பியவர்கள் மீண்டும் மீண்டும் சூட்டுக்குக் கூந்தலைக் கொடுக்க நேர்ந்தது.

தண்ணீருக்குக் கலையாத சுருளை முதலில் வெற்றிகரமான தொழில்முறையாக்கியவர் கார்ல் நெஸ்லர். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள டோட்நௌ என்ற ஊரில் 1872-இல் பிறந்த அவர், லண்டனில் முடிதிருத்தும் தொழில் நடத்திவந்தார். 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கேயே தம் முறையைத் தொழில்துறையினர் முன் செய்துகாட்டினார். காரத்தன்மையுள்ள கலவையில் நனைத்த முடிக்கற்றைகளைக் கம்பிகளில் சுற்றி, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பித்தளை உருளைகளால் அவற்றைச் சூடாக்குவது அம்முறை. உருளைகளின் பாரம் தலையில் இறங்காதிருக்க, அவை மேலேயிருந்து எதிரெடைகளுடன் தொங்கவிடப்பட்டன. முழுப் பணியும் முடிய ஆறு மணிநேரம் வரை ஆயிற்று. அவருடைய தொடக்கச் சோதனைகளுக்குத் தம் தலையைக் கொடுத்தவர் அவர் மனைவி கத்தரீனா. முதல் முயற்சிகளில் அவருடைய முடி கருகியதோடு தலைத்தோலும் புண்பட்டது. இக்கண்டுபிடிப்பின் புகழ் நெஸ்லரைச் சேர்ந்ததாயினும், அதன் முதல் வேதனையைச் சுமந்தவர் அப்பெண்மணி என்பதை வரலாறு மறக்கலாகாது.

முதல் உலகப் போரின்போது பகைநாட்டுக் குடிமகனாகக் கருதப்பட்ட நெஸ்லர், லண்டனை விட்டு அமெரிக்கா சென்று நியூயார்க்கில் மீண்டும் தொழிலை நிறுவினார். கூந்தலின் பயன்களையும் அதைப் பேணிக்காக்கும் வழிகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. வெப்பத்தால் கூந்தலை வளைத்தவரே அதன் பாதுகாப்பைப் பற்றியும் நூல் எழுதியது தற்செயலன்று. தம் முறையின் ஆபத்தை அவரைக் காட்டிலும் நன்கறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது.

இதற்கிடையே பெண்களின் கூந்தல் வழக்கமே மாறியது. நெஸ்லரின் முறையில் முடி வேரிலிருந்து நுனி நோக்கிச் சுற்றப்பட்டதால் அது நீண்ட கூந்தலுக்கே பொருந்தியது. 1920-களில் பாப் எனப்படும் குட்டை முடி பரவியபோது அது பயனற்றுப்போகும் நிலை வந்தது. செக் நாட்டு முடிதிருத்துநர் ஜோசப் மேயர் நுனியிலிருந்து வேர் நோக்கிச் சுற்றும் முறையைக் கொண்டுவந்தார். குரோக்கினோல் எனப்பட்ட அம்முறையில் குட்டை முடியிலும் சுருள் விழுந்தது. ஆனால் சூடேறும் உருளை இப்போது தலைத்தோலை நெருங்கியதால், முடிக்கற்றையின் அடியில் கம்பளித் துணியும் ரப்பரும் கொண்ட காப்பு அட்டைகளை வைப்பது இன்றியமையாததாயிற்று. அக்காலத்து அழகு நிலையத்தில் பெர்ம் செய்வதோடு பணி முடிந்துவிடவில்லை. அலை ஒழுங்காக நிற்கும்பொருட்டு வாரந்தோறும் தலையைக் கழுவி, ஆளிவிதை போன்றவற்றின் பிசினால் செய்த நீர்மத்தைத் தடவி, விரலாலும் சீப்பாலும் நெளிவுகளை அமைத்து, வலையிட்டு உலர்த்தும் வழக்கம் உருவாயிற்று. வாரம் ஒருமுறை அழகு நிலையம் செல்லும் பழக்கம் மேலைநாட்டுப் பெண்களிடையே பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு இப்பராமரிப்புத் தேவை ஒரு முக்கியக் காரணம்.

காப்பு என்ற கருத்து தெளிவாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று சிகாகோ. மேடம் சி. ஜே. வாக்கர் நிறுவிய அழகுப்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய கறுப்பினப் பெண்மணி மார்ஜரி ஜாய்னர், பல கம்பிகளை ஒரே நேரத்தில் மின்சாரத்தால் சூடாக்கும் கருவிக்கு 1928-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இறைச்சியை உட்புறமிருந்து வேகவைக்க அதனுள் செருகும் கம்பிகளைக் கண்டே இவ்வெண்ணம் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். தொடர்ந்து, அக்கருவியின் சூடு தலைத்தோலைத் தாக்காமல் தடுக்கும் காப்புச் சாதனத்துக்கும் அவர் காப்புரிமை பெற்றார். கருவியைப் படைத்தவரே அதன் தீங்கைத் தடுக்கும் பொருளையும் படைத்ததற்கு இது சிறந்த சான்று. ஆனால் காப்புரிமையின் வருவாய் அவருக்குச் சேராமல் நிறுவனத்துக்கே சென்றது.

ஜப்பானில் இக்கதை அரசியலோடு பின்னிப்பிணைந்தது. 1930-களில் மின்சாரப் பெர்ம் அந்நாட்டு நகரங்களில் வேகமாகப் பரவிய நிலையில், சீனாவுடனான போரை முன்னிட்டு அரசு முன்னின்று நடத்திய மக்கள் அணிதிரட்டல் இயக்கம், 1939-இல் அதை ஆடம்பரம் என்று கண்டித்து ஒதுக்கச் சொன்னது. இருந்தும் பெண்கள் அதைக் கைவிடவில்லை. மின்சாரம் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் கரியால் சூடேற்றிப் பெர்ம் செய்யும் முறை தோன்றியது. பங்கீட்டில் கிடைத்த கரியை வாடிக்கையாளர்களே அழகு நிலையத்துக்கு எடுத்துச் சென்றனர். அடுப்புக்கே கரி போதாத நாள்களில் அதில் ஒரு பங்கைத் தம் கூந்தலுக்கென ஒதுக்கிய அப்பெண்களின் செயல், தன் தோற்றத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை மனிதர் எவ்வளவு பெரிதாக மதிக்கின்றனர் என்பதைக் காட்டுகிறது.

வெப்பத்தின் ஆதிக்கத்தைத் தளர்த்தியது வேதியியல். 1930-களின் தொடக்கத்தில் ரால்ஃப் எவன்ஸ், எவரெட் மெக்டனோ ஆகியோர் இயந்திரம் இல்லாமலே பெர்ம் செய்யும் முறைகளை அறிமுகப்படுத்தினர். மின்கம்பியோடு தலையைப் பிணைத்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்க வேண்டிய நிலை அதனால் தளர்ந்தது. 1934-இல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் கொடார்டும் லியோனார் மிக்கேலிஸும் வெளியிட்ட ஆய்வு, காரக் கரைசலில் உள்ள தயோகிளைகோலிக் அமிலம் கம்பளியின் டைசல்பைடு பிணைப்புகளைச் சாதாரண வெப்பநிலையிலேயே துண்டிக்கும் என்பதை நிறுவியது. கம்பளி பற்றிய அவ்வறிவே மனிதக் கூந்தலுக்கும் வழிகாட்டிற்று. 1938-இல் ஆர்னால்ட் வில்லட் அறிமுகப்படுத்திய குளிர் அலை என்ற முறையும், அதைத் தொடர்ந்து அம்மோனியம் தயோகிளைகோலேட் கொண்டு பரவிய முறைகளும் சூடேற்றும் கருவியைத் தேவையற்றதாக்கின.

குளிர் அலை இரண்டு கட்டங்களில் நிகழ்வது. முதற்கட்டத்தில், காரத்தன்மையுள்ள கரைசல் மேலுறைச் செதில்களை விரியச்செய்து உட்புகுந்து பிணைப்புகளைத் துண்டிக்கிறது. இரண்டாம் கட்டத்தில், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நடுநிலையாக்கி அவற்றை உருளையில் சுற்றிய வடிவிலேயே மீண்டும் இணைக்கிறது. துண்டித்தவை அனைத்தும் மீண்டும் இணைவதில்லை. சில கந்தக அணுக்கள் பெராக்சைடால் வேறு சேர்மமாக மாறி, எதிர்மின்னேற்றம் பெற்று அப்படியே தங்கிவிடுகின்றன. பெர்ம் செய்த முடி பஞ்சுபோல் நீரை உறிஞ்சுவதும், ஈரத்தில் வலுவிழப்பதும், எளிதில் சிக்காவதும் இதனால்தான். பின்னாளில் பரவிய கண்டிஷனர்களில் உள்ள நேர்மின்னேற்றப் பொருள்கள், சேதமுற்ற இந்த இடங்களிலேயே மிகுதியாக ஒட்டிக்கொண்டு இழையை வழவழப்பாக்குகின்றன. அவை முடியைக் குணப்படுத்துவதில்லை. உராய்வைக் குறைத்து, மேலும் சேதம் நேராமல் தடுக்கின்றன.

குளிர் அலை அழகு நிலையத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது பராமரிப்பின் பொறுப்பும் கைமாறியது. 1940-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரிலிருந்து வெளிவந்த டோனி என்ற வீட்டுப் பெர்ம் பெட்டி, இரட்டைச் சகோதரிகளுள் யார் வீட்டில் பெர்ம் செய்துகொண்டவர் என்று வினவும் விளம்பரத்தால் பெரும்புகழ் பெற்றது. 1948-இல் ஜில்லெட் நிறுவனம் அதை 2 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. தொழிற்பயிற்சி பெற்ற கைகள் செய்துவந்த பணியை இப்போது அச்சிட்ட குறிப்புத் தாளைப் படித்த தாயோ தோழியோ செய்தார். ஓரிரு உருளைகளை இடையில் அவிழ்த்துச் சுருள் போதிய அளவு விழுந்துள்ளதா என்று பார்க்கும் சோதனைச் சுருள், நேரக் கணக்கு, நீரில் நெடுநேரம் அலசுதல் ஆகியவை இல்லப் பெண்களின் அறிவாயின. புதிய ஆபத்தும் வந்தது: அக்கால நடுநிலையாக்கிகளில் இருந்த பொட்டாசியம் புரோமேட்டைக் குழந்தைகள் விழுங்கிச் சிறுநீரகம் பழுதடைந்ததையும் செவித்திறன் இழந்ததையும் மருத்துவ ஏடுகள் பதிவுசெய்தன.

1970-களின் பிற்பகுதியில் கறுப்பின அமெரிக்கர்களிடையே பரவிய ஜெரி கர்ல், பராமரிப்பே முழுமுதற் பொருளாகிய ஒரு முறை. முடிதிருத்துநர் ஜெரி ரெடிங்கின் பெயரால் வழங்கும் இதில், இறுகிய இயற்கைச் சுருள் முதலில் தளர்த்தப்பட்டு, பின்னர் பெரிய உருளைகளில் புதிய சுருளாக அமைக்கப்பட்டது. ஏற்கெனவே உலர்தன்மை மிகுந்த முடி இருமுறை இரசாயனத்துக்கு உள்ளானதால், கிளிசரின் கலந்த ஈரமூட்டியை நாள்தோறும் தெளிக்கவும், இரவில் பிளாஸ்டிக் தொப்பி அணிந்து உறங்கவும் வேண்டியிருந்தது. அழகு நிலையத்தில் பெருஞ்செலவு பிடித்த இதனை, 1980 அளவில் கோமர் காட்ரெலின் புரோ-லைன் நிறுவனம் சில டாலர் விலையில் வீட்டுப் பெட்டியாக்கி, உழைக்கும் மக்களுக்கும் எட்டச் செய்தது.

காரத்தின் கடுமையைத் தணிக்கும்பொருட்டு 1970-களில் வந்த அமிலப் பெர்ம், கிளிசரில் மோனோதயோகிளைகோலேட் என்ற சேர்மத்தைப் பயன்படுத்தியது. அது வாடிக்கையாளரின் முடியிடம் மென்மையாக நடந்துகொண்டபோதிலும், நாள்முழுதும் அதைக் கையாண்ட முடிதிருத்துநர்களின் விரல்களில் ஒவ்வாமைத் தோலழற்சியை உண்டாக்கியது. பராமரிப்பு என்பது கூந்தலோடு நின்றுவிடாமல், அதைத் தொடும் கைகளையும் உள்ளடக்க வேண்டும் என்பதை இத்தொழில் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டது. பிற்காலத்தில் ஜப்பானிலும் கொரியாவிலும் பரவிய டிஜிட்டல் பெர்மில் வெப்பம் மீண்டும் வந்துள்ளது. ஆனால் நெஸ்லருக்குக் கிட்டாத வெப்பநிலைக் கட்டுப்பாடு இன்று ஒவ்வோர் உருளைக்கும் உண்டு.

இன்றைய அழகு நிலையத்தார் பெர்ம் செய்தவருக்குச் சொல்லும் அறிவுரைகள் இந்நீண்ட அனுபவத்தின் சுருக்கமே. புதிய பிணைப்புகள் நன்கு நிலைபெற இரண்டு நாள் தலைக்குக் குளிக்காதிருத்தல், ஈரத்தில் வலுவிழந்த இழை அறுந்துவிடாதிருக்க அகன்ற பற்களுள்ள சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்தல், ஒவ்வொரு குளிப்புக்குப் பின்னும் கண்டிஷனர் இடுதல், நிறம் வெளுத்த முடியில் பெர்ம் செய்யாதிருத்தல், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் புதிய முடிக்கு மட்டும் மறுமுறை மருந்திடுதல் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் எவரோ ஒருவரின் கருகிய கூந்தலோ புண்பட்ட தோலோ இருந்திருக்கிறது. உயிரற்ற இழைக்குப் பின்னர் செய்யும் மருத்துவம் எதுவும் இல்லையாதலால், முன்னெச்சரிக்கையே அதற்குரிய ஒரே மருத்துவம். அவ்வெச்சரிக்கையைக் கற்பித்தவர்களுள் காப்புரிமை பெற்றவர்கள் சிலர். தம் தலையைச் சோதனைக்குக் கொடுத்துப் பெயர் பதியாமலே போன பெண்களே பெரும்பாலோர்.